கொஞ்சமே மிஞ்சியிருப்பதால்தான் எண்ணச் சொல்கிறோம்: வனவிலங்குத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாநில வனவிலங்குத் துறை இயக்குநர் அவர்களுக்கும், வௌவால் கண்காணிப்புப் பிரிவினருக்கும்,

வருகிற குளிர்காலத்திலிருந்து "சிறு உறைவிடங்கள்", அதாவது வௌவால்கள் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும் சின்னக் குகைகள், சுரங்கங்கள் எதிலும் வௌவால் கணக்கெடுப்பு கிடையாது என்று தன்னார்வலர்களுக்கு நீங்கள் அனுப்பிய அறிவிப்பு கிடைத்தது. எங்கள் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. அங்கே எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது, போவதில் பயனில்லை. இருக்கிற ஆட்களையும் பணத்தையும் பெரிய குகைகளுக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய கடிதத்துக்கு "பெற்றுக்கொண்டோம்" என்ற தானியங்கிப் பதிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அதனால் அதையே இன்னும் விரிவாக, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் இந்த மாநிலத்தில் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நாங்கள் வார இறுதியில் ஏறி இறங்கும் மலைக்குள் என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியட்டும். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது.

"குறைந்துவிட்டது" என்று உங்கள் அறிவிப்பு ஒரே சொல்லில் தாண்டிப் போகிறது. எப்படிக் குறைந்தது என்று கண்ணால் பார்த்தவர்களுக்கு அப்படித் தாண்டிப் போக முடியாது.

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலம் ஆல்பனிக்கு அருகிலுள்ள ஹோவ்ஸ் குகையில் எடுத்த ஒரு புகைப்படத்தில்தான், மூக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்த வௌவால்கள் முதன்முதலில் பதிவாயின. அடுத்த குளிர்காலத்திலேயே சுற்றுவட்டாரக் குகைகளில் வௌவால்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. வெண்மூக்கு நோய் என்று பெயர் வந்தது. 2009-ல் அந்தப் பூஞ்சையை ஒரு புதிய இனமாக விவரித்தார்கள். நோய்க்கு அதுவே காரணம் என்று 2011-ல் ஆய்வகத்தில் நிரூபித்தார்கள். இன்று அதன் அறிவியல் பெயர் சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நெடுங்காலமாக இருந்துவரும் பூஞ்சை இது. அங்குள்ள வௌவால்களின் உடலிலும் காணப்படுகிறது, ஆனால் அங்கே இப்படிக் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. இங்கே அது யாரோ ஒருவருடைய பூட்ஸிலோ உடையிலோ கயிற்றிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். 2012 ஜனவரியில் மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதுவரை இறந்தவை 57 லட்சம் முதல் 67 லட்சம் வரை. அது அன்றைய கணக்கு. அதற்குப் பிறகு நோய் கண்டத்தின் மறுகரை வரை போய்விட்டது.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படிக்கும் மற்றவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூஞ்சைக்குக் குளிர்தான் பிடிக்கும். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் வளராது. விழித்திருக்கும் வௌவாலின் உடல் சூட்டில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் குளிர் உறக்கத்தில் வௌவாலின் உடல், குகைக் காற்றின் குளிருக்கே இறங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் இதயம், பத்து இருபது துடிப்புக்கு அடங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புச் சக்தியும் கூடவே உறங்குகிறது. பூஞ்சைக்கு அதுதான் வாய்ப்பு. இறக்கைத் தோலைத் தின்று உள்ளே போகிறது. நோயுற்ற வௌவால் அடிக்கடி விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் இலையுதிர்காலத்தில் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. பூச்சியே இல்லாத ஜனவரி, பிப்ரவரியில் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோனால், பசியோடும் தாகத்தோடும் பனிக்குள் பறக்கிறது.

அதை எங்கள் ஊரில் பார்த்தோம். நோய் வந்த முதல் குளிர்காலத்தில், பட்டப்பகலில், முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, சுரங்க வாயிலுக்கு முன்னால் வௌவால்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. சில, பனியில் விழுந்து இறக்கையை விரித்தபடி அப்படியே கிடந்தன. ஒன்றைக் கையுறையோடு எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார் எங்களோடு வந்த உயிரியலாளர். நனைந்து காய்ந்த டிஷ்யூ காகிதம்போலச் சுருங்கி, அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தது அந்த இறக்கை. மூக்கைச் சுற்றி மாவு பூசியிருந்தது. உயிர் இருந்தது. கைக்கு எடையே தெரியவில்லை. உள்ளே போனால் தரை முழுக்க உடல்கள், கால் வைக்க இடம் தேடி நடந்தோம். சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் எது உயிரோடு இருக்கிறது, எது பிடி விடாமலே செத்துப்போனது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சுரங்கத்தில் சிறு பழுப்பு வௌவால்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தன என்பது உங்கள் பழைய கோப்புகளிலேயே இருக்கிறது. இப்போது நன்றாகத் தேடினால் சில பத்துகள். நீங்கள் "பயனில்லை" என்று சொல்வது இந்தச் சில பத்துகளைத்தான்.

போன கணக்கெடுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முக்கியக் கூடத்தைத் தாண்டி, தண்ணீர் சொட்டும் தாழ்வான பக்கவாட்டுப் பாதையில், கூரை மடிப்புக்குள் தனியாக ஒரு சிறு பழுப்பு வௌவால். முடி நுனியெல்லாம் நீர்த்துளி. முன்கையில் அலுமினிய வளையம். யாரும் தொடவில்லை. கேமராவின் ஜூமை இழுத்து, ஒரே ஒரு படம் எடுத்து, விளக்கைத் திருப்பிக்கொண்டோம். வெளியே வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வளையத்தின் எண் தெரிந்தது. நோய் வருவதற்கு முன்பே உங்கள் துறை மாட்டிய வளையம் அது. அத்தனை சாவுக்கும் நடுவே பிழைத்து, ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பூஞ்சை இருக்கிற அதே சுரங்கத்துக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சிறு பழுப்பு வௌவால் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். ஆனால் தாய்க்கு ஆண்டுக்கு ஒரே குட்டிதான். ஒரு தாய் பிழைத்துத் தொடர்ந்து ஈன்றால்தான் கூட்டம் திரும்பும், அதுவும் மெல்ல மெல்ல. அந்த ஒன்று பிழைத்திருக்கிறது என்று நமக்குத் தெரிவது, நாம் உள்ளே போய்ப் பார்த்ததால் மட்டும்தான்.

நோய்க்குப் பிறகு மிஞ்சியவற்றைப் பற்றி வந்திருக்கும் ஆய்வுகளை எங்களைவிட நீங்கள் நன்றாகப் படித்திருப்பீர்கள். சில இடங்களில் தப்பிய சிறு பழுப்பு வௌவால்கள் முன்பைவிடக் கூடுதல் கொழுப்போடு உறக்கத்துக்குப் போகின்றன. சில கூட்டங்களில் மரபணு மாற்றங்களும் தெரிகின்றன. இதெல்லாம் எப்படித் தெரிந்தது? சாவு முடிந்த பிறகும் அதே இடங்களுக்கு மறுபடி மறுபடி ஆட்கள் போனதால். நோயின் முதல் அலையை எண்ணிய துறை, மீட்சியின் முதல் அடையாளம் தெரியும் நேரத்தில் கையை எடுத்தால், இத்தனை ஆண்டு வேலைக்கு என்ன பொருள்?

2021-ல் வெளியான பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 27 அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் இரு மாகாணங்களிலும், இருநூறுக்கும் மேற்பட்ட உறைவிடங்களில் எடுத்த குளிர்காலக் கணக்கைத் திரட்டிப் பார்த்தார்கள். வடக்கு நீள்காது வௌவால், சிறு பழுப்பு வௌவால், மூவண்ண வௌவால் மூன்றும் பத்தாண்டுகளுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டே, 2022 நவம்பரில், வடக்கு நீள்காது வௌவாலை அழியும் நிலையிலுள்ள இனமாக மத்திய அரசு அறிவித்தது. மூவண்ண வௌவாலுக்கும் அதே நிலையை 2022 செப்டம்பரில் முன்மொழிந்தார்கள். அந்த இருநூற்றுச் சொச்சம் இடங்களில் ஒவ்வொன்றிலும், குளிரில் விறைத்த கையோடு பென்சில் பிடித்து யாரோ ஒருவர் எண்ணி எழுதியிருக்கிறார். பெரிய குகைகளில் மட்டும் எண்ணியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்திருக்காது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூவண்ண வௌவால் பெரும்பாலும் தனித்தனியாகத் தொங்குவது. நீள்காது வௌவால் பாறை வெடிப்புக்குள் நுழைந்துகொள்வது. பல்லாயிரம் தொங்கும் பிரபலமான கூடங்களில் மட்டும் தேடினால், சட்டம் காக்கச் சொல்லும் நீள்காது வௌவாலையும், காக்க முன்மொழிந்த மூவண்ண வௌவாலையும்தான் முதலில் தவறவிடுவீர்கள்.

கணக்கெடுப்பு என்றால் எண்ணுவது மட்டுமே என்று உங்கள் அறிவிப்பு நினைக்கிறது. எங்கள் சுரங்கத்தின் வாயிலில் உங்கள் துறை போட்ட இரும்புக் கதவு இருக்கிறது. குறுக்குக் கம்பிகளுக்கு இடையே ஐந்தே முக்கால் அங்குல இடைவெளி. வௌவால் தாராளமாகப் பறந்து போகும், ஆள் நுழைய முடியாது. நல்ல கதவு. அதன் கீழ்க் கம்பி ஒன்றை யாரோ அறுத்துவிட்டார்கள். கணக்கெடுக்கப் போனபோதுதான் பார்த்தோம். உள்ளே சில அடி தூரத்தில் கரி, பாதி எரிந்த கட்டை, பியர் டப்பாக்கள். கூரையில் புகை படிந்திருந்தது. குளிர் உறக்கத்தில் இருக்கும் விலங்கின் கீழே நெருப்பு மூட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படத்தோடு உங்களுக்குத் தெரிவித்தோம். இன்றுவரை கம்பி அப்படியே இருக்கிறது. கணக்கெடுப்பும் நின்றுவிட்டால், அடுத்த நெருப்பைப் பார்க்கவே ஆள் இருக்காது. அங்கே நுழைகிறவர்களின் பூட்ஸில் ஒட்டும் பூஞ்சை வித்து அடுத்து எந்தக் குகைக்குப் போகும் என்பதும் யாருக்கும் தெரியாது. வௌவாலே இல்லாவிட்டாலும் குகை மண்ணில் அந்த வித்துகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால்தான், நாங்கள் ஒவ்வொரு முறையும் கருவிகளை 55 டிகிரி வெந்நீரில் முக்கியெடுக்கிறோம், மேலுடையைக் கழற்றிப் பையில் கட்டுகிறோம். நீங்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வரைபடம். மலையடிவாரத்தில் வீட்டுமனை போடுகிறவரோ மரம் வெட்டுகிறவரோ அனுமதி கேட்டு வந்தால், அருகில் தெரிந்த உறைவிடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். 2016-ல் நீள்காது வௌவாலுக்காக வந்த மத்திய விதிகூட, தெரிந்த உறைவிடத்தைச் சுற்றிக் கால் மைலுக்குள் மரம் வெட்டுவதைத்தான் கட்டுப்படுத்தியது. அந்த இனத்தை அழியும் நிலைப் பட்டியலில் சேர்த்த பிறகு அந்த விதி செல்லாமல் போய்விட்டது, சரி. ஆனால் "தெரிந்த இடம்" என்பது இன்னும் தெரிந்த இடம்தான். ஐந்தாறு ஆண்டு யாரும் போகாத சுரங்கத்தை, "கடைசியாக எப்போது வௌவால் பார்த்தீர்கள்" என்ற ஒரே கேள்வியில் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்த பிறகு வாயிலில் கல்லும் மண்ணும் கொட்டி மூடுவது எளிது. பாதுகாப்புக்காகப் பழைய சுரங்கங்களை மூடும் வேலை எங்கும் நடக்கிறது. உள்ளே தொங்கிக்கொண்டிருப்பவை வெளியே வரவே முடியாது.

"சில பத்து வௌவாலுக்கு இவ்வளவா" என்று கேட்பவர்கள் என் நண்பர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆய்வைக் காட்டுவேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃபிராங்க், வெண்மூக்கு நோய் வந்த மாவட்டங்களையும் வராதவற்றையும் ஒப்பிட்டு 2024-ல் எழுதியது. வௌவால் செத்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தை சராசரியாக 31 சதவீதம் கூடுதலாக அடித்திருக்கிறார்கள். அதே மாவட்டங்களில் கைக்குழந்தைகளின் இறப்பு ஏறக்குறைய 8 சதவீதம் கூடியிருக்கிறது. பூச்சியை இலவசமாகத் தின்றுகொண்டிருந்த விலங்கு போனதும், அந்த வேலையை நஞ்சு எடுத்துக்கொண்டது. எங்கள் பள்ளத்தாக்கில் சோளம் விளைகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்த நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. எங்கள் வீடுகளிலும் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள்.

உங்கள் தரப்பில் நியாயமான ஒரு வாதம் இருக்கிறது. அறிவிப்பில் அதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் உங்கள் பணியாளர் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார்: நாம் உள்ளே போவதே தொந்தரவு, ஒவ்வொரு விழிப்பும் கொழுப்பைக் கரைக்கும், நோயில் தப்பியவற்றை நாமே எழுப்பக் கூடாது. இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அழியும் நிலையிலுள்ள இன்னொரு இனமான இந்தியானா வௌவாலின் கணக்கெடுப்புகூட இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. எங்கள் குழுவிலும் உள்ளே பேச்சு கிடையாது, ஓரிடத்தில் நிற்பது கிடையாது, கூட்டமாகத் தொங்குபவற்றைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து திரையில்தான் எண்ணுகிறோம். இடைவெளி விட்டுப் போங்கள் என்றால் சரி. போகவே வேண்டாம் என்பது வேறு. உள்ளே போகாமலேயே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. இலையுதிர்காலத்தில் வாயிலைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கும்போதும், ஏப்ரலில் வெளியே வரும்போதும், வாயிலில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வைத்தால் போதும். நம் காதுக்குக் கேட்காத அவற்றின் மீயொலியை வைத்து எந்த இனங்கள் வந்து போகின்றன என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். தலை எண்ணிக்கை அதில் கிடைக்காது என்பது உண்மைதான். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

கோடையில் கொட்டகைகளிலும் பாலங்களுக்கு அடியிலும் எண்ணிக்கொள்ளலாமே என்று அந்தப் பணியாளர் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. கோடைக் கூட்டத்தில் பல குளிர்கால உறைவிடங்களிலிருந்து வந்தவை கலந்திருக்கும். நோய் கொல்வது குளிர்காலத்தில், குறிப்பிட்ட ஒரு சுவரில். அந்தச் சுவரைப் பார்க்காமல் அங்கே என்ன நடந்தது என்று கொட்டகையிலிருந்து சொல்ல முடியாது.

பணம் பற்றியும் ஒரு சொல். உங்கள் பட்ஜெட் சுருங்கியிருக்கிறது என்று தெரியும். 2016 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் நோயுற்ற வௌவாலைக் கண்டெடுத்தது யார்? நடைப்பயணம் போன சாதாரண மனிதர்கள். அதுவரை தெரிந்த நோய்ப் பகுதியிலிருந்து சுமார் 1,300 மைல் தள்ளி. எங்களைப்போன்ற ஆட்கள் சம்பளம் கேட்கவில்லை. வண்டி எங்களுடையது, பெட்ரோல் எங்களுடையது, எண்ணும் நேரமும் எங்களுடையது. உங்களிடமிருந்து வேண்டியது அனுமதி, பயிற்சி பெற்ற ஒரு உயிரியலாளரின் ஒரு நாள், கதவின் சாவி. வௌவால்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் வாயிலைச் சுற்றிக் கூடும், அக்டோபரில் உள்ளே போய்விடும். அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்பதால் கோரிக்கைகளை நேரடியாகவே வைக்கிறேன்.

சிறு உறைவிடங்களின் கணக்கெடுப்பை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். ஆண்டுதோறும் முடியாவிட்டால், ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். போகாத ஆண்டுகளில் வாயிலில் ஒலிப்பதிவுக் கருவி வைக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள். கருவி வாங்கும் செலவைத் திரட்டித்தரத் தயாராக இருக்கிறோம். பதிவுகளை, 2015-லிருந்து நடந்துவரும் வட அமெரிக்க வௌவால் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்க்கும் பொறுப்பு உங்களுடையது.

எங்கள் சுரங்கக் கதவின் அறுந்த கம்பியை முதல் பனி விழுவதற்குள் சரிசெய்யுங்கள். இதற்கு எந்தக் கூட்டமும் கூட வேண்டியதில்லை, ஒரு வெல்டர் போதும்.

எந்த உறைவிடத்தையும் "வௌவால் இல்லை" என்று பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன், அடுத்தடுத்த பல குளிர்காலங்களில் நேரில் பார்த்த பதிவு வேண்டும் என்று விதி செய்யுங்கள். யாரும் போய்ப் பார்க்காததை இல்லாததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

இடத்தின் பெயரையும் பாதையையும் மறைத்துவிட்டு, மாவட்ட வாரியாகக் குளிர்கால எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இடத்தை வெளியே சொன்னால் ஆட்கள் நுழைவார்கள் என்ற உங்கள் பயம் நியாயம்தான். எண்ணிக்கையைச் சொல்ல அந்தப் பயம் தடையில்லை. நாங்களே எண்ணிக் கொடுத்த கணக்கை நாங்களே கேட்டுப் பெற முடியாத நிலை மாற வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் ஏன் என்று செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பதில் எழுதுங்கள். கருவிகளைச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குளிர்காலக் கணக்கெடுப்புத் தன்னார்வலர் ஒருவர்